மண்டியிட்ட உருவும் நிமிர்ந்த சொல்லும்

துன்புறும் ஒருவனைக் காணும் நெஞ்சில் எழும் உணர்ச்சி ஒன்றன்று; இரண்டு. ஒன்று அவனுக்காக உருகுவது. மற்றொன்று அவனைத் துன்புறுத்தியவன்மேல் சினந்து எழுவது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் முன்னதை அழுகை என்றும் பின்னதை வெகுளி என்றும் வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நந்நான்காகச் சுட்டினார். இழிவுபடுதல், இழத்தல், பண்டைய நிலை கெடுதல், வறுமை என்னும் நான்கும் அழுகைக்குரியன. உறுப்புகளைக் குறைத்தல், குடியையும் சுற்றத்தையும் நலிதல், அடித்து அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கும் வெகுளிக்குரியன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த அடிமை ஒழிப்பு இயக்கத்தின் எழுத்துகளைப் பயிலுந்தோறும் இப்பாகுபாடு நம் நினைவுக்கு வருகிறது. ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் அடைத்து, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடத்தி, கரும்புத் தோட்டங்களிலும் பருத்திக் காடுகளிலும் விலங்கினும் கீழாக உழைக்கச் செய்த கொடுமையில், வெகுளிக்குரிய நான்கு களங்களும் ஒன்று விடாமல் நிறைந்திருந்தன. ஆயினும் அவ்வியக்கத்தின் முன்னணியினர் முதலில் வேண்டியது அழுகையையே. வெகுளியைத் தன் தலைமைச் சுவையாக அது ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ அறுபதாண்டுகள் ஆயின. இது ஏன் நிகழ்ந்தது? இதனால் விளைந்த நன்மை யாது? இதற்கு விலை கொடுத்தவர் யாவர்? இவ்வினாக்களை அவ்வியக்கத்தின் சில படைப்புகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்வன்மையை அளக்கும் கருவிகள் பல. நாம் இங்கு ஒன்றையே கைக்கொள்கிறோம். எந்தச் சொல்லும் கேட்பவனை ஓர் இருக்கையில் அமர்த்துகிறது. வள்ளலின் இருக்கையிலா, சான்று கூறுவோன் கூண்டிலா, குற்றம் சாட்டப்பட்டோன் கூண்டிலா என்று பார்த்தால், அச்சொல்லின் அறமும் திறமும் ஒருங்கே விளங்கும் என்பது நம் துணிபு.

வள்ளலின் இருக்கை

1787ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஓர் அச்சகத்தில் பன்னிருவர் கூடி, அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கென ஒரு கழகம் கண்டனர். அவருள் ஒன்பதின்மர், போரையும் அடிமை முறையையும் வெறுத்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். கழகத்திற்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், அம்முத்திரையைச் சிறு பதக்கமாக வார்த்துத் தந்தார். வெளிறிய பின்புலத்தில் ஒரு கறுப்பு மனிதன். ஒரு முழந்தாளில் மண்டியிட்டவன். விலங்கு பூட்டிய கைகளை உயர்த்தி மேல்நோக்குகிறான். தானும் மனிதனல்லனோ, உடன்பிறந்தான் அல்லனோ என வினவும் தொடர் அவனைச் சூழப் பொறிக்கப்பட்டுள்ளது.

இப்பதக்கம் பெற்ற வரவேற்பு பெரிது. வெட்ஜ்வுட் 1788இல் சிலவற்றைப் பிலடெல்பியாவிலிருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கு அனுப்பினார். நன்கு எழுதப்பட்ட ஒரு நூலுக்கு நிகரான பயனை இஃது அளிக்கக்கூடும் என்ற கருத்துப்பட அவர் மறுமொழி விடுத்தார். ஆடவர் பொடிச்சிமிழ் மூடிகளில் அதனைப் பதித்துக்கொண்டனர். பெண்டிர் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் அணிந்தனர்.

இவ்வினாவின் அமைப்பு திறம் வாய்ந்தது. எதிர்மறை வாய்பாட்டில் கேட்டு உடன்பாட்டு விடையை வருவிக்கும் வினா இது. கேட்பவன் இல்லை எனக் கூற நாணுவான். ஆம் எனக் கூறினாலோ அடிமை முறையின் வேர் அறுந்துபோகும். எனினும் உருவமும் சொல்லும் இங்கு ஒத்துச் செல்லவில்லை. சொல் உடன்பிறப்பைக் கூறுகிறது; உருவம் அடிபணிவதைக் காட்டுகிறது. உடன்பிறந்தான் முன் உடன்பிறந்தான் மண்டியிடுவதில்லை. மேலும், விலங்கு தெரிகிறது. அதனைப் பூட்டிய கை தெரியவில்லை. காண்பவன் உயரத்தில் இருக்கிறான். வழங்கலாம், மறுக்கலாம் என்னும் உரிமை அவனிடமே உள்ளது. அவன் உள்ளம் நெகிழும்போது அந்நெகிழ்ச்சியே அவனுக்கு ஓர் அணிகலனாகிவிடுகிறது. இங்கு அது வெறும் உவமையன்று. அப்பதக்கம் உண்மையிலேயே அணிகலனாயிற்று.

இவ்விருக்கையை அமைத்தவர் அறியாது செய்தார் என்று கூறுவதற்கில்லை. 1789 மே 12ஆம் நாள் வில்லியம் வில்பர்போர்ஸ் நாடாளுமன்றத்தில் மூன்று மணி நேரத்திற்கு மேல் உரையாற்றியபோது, தாம் யார்மீதும் பழி சுமத்த வரவில்லை என்றும், நாடாளுமன்றம் முழுவதோடும் சேர்ந்து தாமும் அப்பழியை ஏற்பதாகவும் தொடங்கினார். அவையில் வணிகரும் தோட்ட உரிமையாளரும் அமர்ந்திருந்தனர். அவையறிந்து பேசுதல் என்னும் இலக்கணத்திற்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் எல்லோரும் குற்றவாளி என்னும்போது எவரும் தனியே குற்றவாளியாவதில்லை. 1791இல் அவர் கொணர்ந்த தீர்மானம் 88க்கு 163 என்னும் கணக்கில் தோற்றது. அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1807இல்தான் நிறைவேறியது.

சான்று கூறுவோன் கூண்டு

இரண்டாவது படைப்பு ஒரு கப்பலின் வரைபடம். லிவர்பூல் துறைமுகத்தைச் சேர்ந்த புரூக்ஸ் என்னும் அடிமைக் கப்பலின் அடித்தளங்களைத் தச்சன் வரையும் முறையில் வரைந்து, படுத்த நிலையில் அடுக்கப்பட்ட மனித உருவங்களால் நிரப்பி, 1789இல் இலண்டன் கழகத்தார் வெளியிட்டனர். 1788இல் இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டப்படி அக்கப்பல் 454 பேரை ஏற்றலாம். படத்தில் உள்ளோர் 482 பேர். அச்சட்டம் வருமுன் ஒரு பயணத்தில் அக்கப்பல் சுமந்தது 609 பேரை.

இப்படத்தில் கண்ணீர் இல்லை; சாட்டை இல்லை; ஒரு வினாவும் இல்லை. நீளம், அகலம், எண்ணிக்கை இவையே உள்ளன. சட்டம் இசைந்த அளவே இப்படி என்றால், சட்டத்திற்கு முந்தைய நிலை எத்தகையது எனக் காண்பவனே கணக்கிட்டுக்கொள்ள விடப்படுகிறான். மிகைப்படக் கூறும் எழுத்தாளன் தன் உணர்ச்சியை நம்மீது ஏற்றுகிறான். குறைத்துக் கூறுபவன் நம் உணர்ச்சியை எழுப்புகிறான் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

இவ்வகைச் சான்றுகளைத் தேடித் திரட்டுவதையே வாழ்நாள் தொண்டாக மேற்கொண்டவர் தாமஸ் கிளார்க்சன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1785இல் இலத்தீன் கட்டுரைப் போட்டிக்கென இப்பொருளைப் பயின்று பரிசு பெற்றவர் அவர். இலண்டனுக்குக் குதிரையில் செல்லும் வழியில், தாம் எழுதியது உண்மையானால் யாரேனும் இதற்கு முடிவு காண வேண்டுமே என்னும் எண்ணம் தாக்க, இறங்கிச் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டதாக அவரே குறித்துள்ளார். பின்னர்த் துறைமுகங்கள்தோறும் அலைந்து மாலுமிகளை வினவினார். லிவர்பூல் கடையில் விலைக்கு வைத்திருந்த கைவிலங்கு, கால்விலங்கு, பெருவிரலை நசுக்கும் திருகு, உண்ண மறுப்போரின் வாயைப் பிளக்கும் கருவி ஆகியவற்றை வாங்கிவந்து அவையோர் முன் வைத்தார். சொற்பொழிவாளர் பலர் நெடுநேரம் முயன்றும் செய்ய இயலாததை அவ்விரும்புத் துண்டுகள் வாய்திறவாமல் செய்தன.

காண்போன் இங்கு வள்ளல் அல்லன், கண்ணால் கண்டவன். கண்டபின் அறியேன் என்று கூற அவனுக்கு வழியில்லை. முந்தையதினும் இஃது உயர்ந்த இருக்கையே. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அப்படத்தின் 482 உருவங்களுள் ஒன்றுக்கேனும் தனி முகம் இல்லை, பெயரில்லை, மொழியில்லை. 1781இல் சோங் என்னும் கப்பலின் தலைவன் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் எறியச் செய்தான். அக்கப்பலின் உரிமையாளர் பின்னர் அதனைச் சரக்கு இழப்பாகக் காட்டிக் காப்பீட்டுத் தொகை கோரி வழக்காடினர். அவர்களும் மனிதரை எண்ணால் எழுதியவர்களே. கொடியவன் கணக்கைக் கொண்டே கொடுமையைக் காட்டும்போது, கணக்கில் அகப்படாத மனிதன் விடுபட்டுப்போகிறான்.

உடந்தையாளன் இருக்கை

மூன்றாவது படைப்பு 1791இல் வில்லியம் பாக்ஸ் எழுதிய சிறு நூல். மேற்கிந்தியச் சர்க்கரையையும் அதிலிருந்து வடிக்கும் மதுவையும் கைவிடுமாறு ஆங்கில மக்களை வேண்டுவது அது. சில திங்களில் பதிப்பு இருபத்தைந்தைக் கடந்தது என்பதே அதன் ஆற்றலைக் காட்டும். அதன் வாதம் எளிது. வாரத்திற்கு 5 இராத்தல் சர்க்கரை செலவிடும் குடும்பம் 21 மாதம் அதனை விலக்கினால், ஒரு மனிதன் அடிமையாவதோ கொலையுண்பதோ தடுக்கப்படும் என்று அவர் கணக்கிட்டார். ஆளைப் பிடிப்பவன், கப்பலோட்டி, தோட்டக்காரன் ஆகிய மூவரும் கூலியாட்களே. அவர்களை ஏவுபவன் சர்க்கரையை வாங்குபவனே என்பது அவர் முடிபு. அச்சர்க்கரையை உண்பது மனித ஊனை உண்பதே என்று சொல்லும் அளவிற்கு அவர் சென்றார்.

இங்குதான் இயக்கத்தின் குரல் முதன்முதலாக மாறுகிறது. தொலைவில் நடக்கும் கொடுமை இல்லத்தின் தேநீர்க் கோப்பைக்குள் வந்துவிட்டது. கேட்பவன் வள்ளலும் அல்லன், சான்றாளனும் அல்லன், உடந்தையாளன். வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு இவ்வாதம் ஒரு படைக்கலம் தந்தது. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை, அடுக்களையில் ஆட்சி அவர்களுடையது. மூன்று இலட்சம் பேர் சர்க்கரையைத் துறந்ததாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

ஆனால் இவ்வாதம் முப்பதாண்டுகளுக்குப்பின் எங்குச் சென்று நின்றது என்பது இந்தியராகிய நாம் கட்டாயம் நோக்கவேண்டியது. 1820களில் சர்க்கரைக் கிண்ணங்கள் சில விற்பனைக்கு வந்தன. இக்கிண்ணத்துச் சர்க்கரை கிழக்கிந்தியாவினது, அடிமைகளால் ஆக்கப்படாதது என்னும் அறிவிப்பு அவற்றின்மேல் எழுதப்பட்டிருந்தது. கிழக்கிந்திய வணிகத்தில் ஈடுபட்ட லிவர்பூல் வணிகர் ஜேம்ஸ் குராப்பர் இக்கருத்தை முனைந்து பரப்பினார். அக்காலத்தில் இந்தியாவில் அடிமைகள் இல்லையா? சென்னை மாகாணத்தின் நெல்வயல்களில் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்ட பண்ணையடிமைகள் இருந்தனர். 1833இல் பிரிட்டானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கியே இயற்றப்பட்டது. கம்பெனி ஆட்சியில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமை கொள்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல்தான் நடைமுறைக்கு வந்தது. குற்றவுணர்வை எழுப்பிய சொல், அக்குற்றவுணர்வைப் போக்கும் ஒரு சரக்கையும் உடனே கையில் தந்துவிட்டது. வெகுளி விளம்பரமாயிற்று. சொல்வன்மைக்கு நேரக்கூடிய வீழ்ச்சிகளுள் இதனை முதன்மையானதென்றே நாம் கருதுகிறோம்.

சிறிது சிறிதாக என்னும் சொல்

1823இல் தோன்றிய ஆங்கில அடிமை எதிர்ப்புக் கழகத்தின் பெயரிலேயே தணித்தல், படிப்படியாக ஒழித்தல் என்னும் சொற்கள் இருந்தன. மறு ஆண்டு லெஸ்டர் நகரைச் சேர்ந்த எலிசபெத் ஹேரிக் என்னும் பெண்மணி, தம் பெயரை வெளியிடாமல் ஒரு சிறு நூலை அச்சிட்டார். உடனே ஒழிக்க, படிப்படியாக அன்று என்பதே அதன் தலைப்பின் பொருள். இழப்பீடு தரவேண்டுமெனில் கூலியின்றி உழைத்த அடிமைக்கே முதலில் தருக என்பது அவர் வாதங்களுள் ஒன்று.

இஃது எத்துணைப் பெரிய திருப்பம் என்பதை நாம் உணர வேண்டும். இரக்கம் தவணைக்கு இசையும், நீதி இசையாது. களவுப் பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருமாறு கள்வனை எவரும் வேண்டுவதில்லை. அடிமையின் விடுதலை நாம் அளிக்கும் கொடையன்று, அவனிடமிருந்து நாம் பறித்தது என்று கொண்டால், படிப்படியாக என்னும் சொல்லே ஒரு குற்றமாகிவிடும். ஹேரிக் எழுப்பிய கருத்தைப் பெண்கள் சங்கங்கள் ஏற்றுப் பரப்பின. 1830இல் கழகம் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கியது. பெரியோர் பலர் கூடி வைத்த பெயரை, பெயர் வெளியிடாத ஒருத்தி மாற்றுவித்தாள் எனலாம்.

அடிமையின் சொந்தக் குரல்

அடிமைப்பட்டோர் தாமே பேசியபோது நிகழ்ந்தது என்ன? ஒட்டோபா குகோவானோ 1787இலேயே ஒரு நூல் வெளியிட்டார். அதில் மன்றாட்டு இல்லை, கண்டனமே உண்டு. அடிமை வணிகத்தை மட்டுமின்றி அடிமை முறையையே முற்றும் ஒழிக்க வேண்டும் என்று, வில்பர்போர்ஸ் எண்ணாத காலத்தே அவர் கேட்டார். ஆனால் இயக்கத்தின் முகமாக அவர் ஆகவில்லை. மண்டியிட்ட பதக்கமே ஆயிற்று. 1789இல் தன்வரலாறு எழுதிய ஒலாடா எக்வியானோ அந்நூலைத் தாமே ஊரூராகச் சென்று விற்றார். அவர் வாழ்நாளிலேயே அது பல பதிப்புகள் கண்டது. 1831இல் மேரி பிரின்ஸ் என்னும் பெண்ணின் வரலாறு அவர் வாய்மொழியாகச் சொல்லப் பிறரால் எழுதப்பெற்று இலண்டனில் வெளிவந்தது.

இந்நூல்கள் பலவற்றில், அடிமை கூறுவது மெய்யே என வெள்ளையர் ஒருவர் உறுதி கூறும் முன்னுரையோ இணைப்போ இருக்கக் காண்கிறோம். 1845இல் வெளிவந்த பிரெடரிக் டக்ளசின் முதல் தன்வரலாற்றுக்கும் வில்லியம் லாயிட் கேரிசன் முன்னுரை எழுதினார். டக்ளஸ் பிற்காலத்தில் நினைவுகூரும் ஒரு செய்தி இங்குக் கருதத்தக்கது. மேடையில் நிகழ்ச்சிகளை மட்டும் சொல்லுமாறும், தத்துவத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும் உடன் உழைத்த நண்பர்கள் தமக்கு அறிவுறுத்தியதாக அவர் எழுதியுள்ளார். முதுகின் தழும்பு அவருடையதாக இருக்கலாம். அதன் பொருளைக் கூறும் உரிமை தங்களுடையது என்பதே அவ்வறிவுரையின் உட்கிடை. அன்பால் பிறந்த அறிவுரைதான். ஆயினும் பேசும் மனிதனைக் காட்சிப் பொருளாக்கியது.

இதற்கிடையே அமெரிக்காவில் வேறொரு முறையும் வளர்ந்தது. தியோடர் வெல்டும், அவர் மனைவி ஏஞ்சலினா கிரிம்கேயும், ஏஞ்சலினாவின் தமக்கை சாராவும் தென்மாநிலச் செய்தித்தாள்களை ஆயிரக்கணக்கில் சலித்தெடுத்து 1839இல் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு தருவதாக உரிமையாளர்கள் கொடுத்த விளம்பரங்களில், கன்னத்தில் சூட்டுக்குறி, காதில் வெட்டு, முதுகில் சாட்டைத் தழும்பு என அடையாளங்கள் எழுதப்பட்டிருந்தன. எதிரியின் வாய்மொழியே எதிரிக்கு எதிரான சான்றாயிற்று. கண்ணகி வழக்குரைத்த அவையில் பாண்டியனின் சொல்லே அவனுக்கு எதிராகத் திரும்பியதை அறிந்த நமக்கு இம்முறையின் வலிமையை விளக்க வேண்டுவதில்லை. வெகுளிக்குரிய நான்கு களங்களுள் முதலதாகிய உறுப்புக் குறைத்தல், குறைத்தவன் கையெழுத்தோடே இங்கு அவைக்கு வந்தது.

குற்றம் சாட்டப்பட்டோன் கூண்டு

இவ்வளவும் வந்து சேரும் முகடாக நாம் கருதுவது, 1852 சூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் டக்ளஸ் ஆற்றிய உரை. அமெரிக்க விடுதலை நாளைக் குறித்துப் பேசுமாறு அவ்வூர்ப் பெண்கள் அடிமை எதிர்ப்புச் சங்கத்தார் அவரை அழைத்திருந்தனர். கொரிந்தியன் மன்றத்தில் ஐந்நூறு அறுநூறு பேர் கூடியிருந்தனர். கூடியவர் பெரும்பாலும் அடிமைகளின் நண்பர் என்பதை மறவாமல் இவ்வுரையைப் பயில வேண்டும்.

தொடக்கத்தில் அவர் தம் தகுதியின்மையைக் கூறிப் பணிவோடு பேசுகிறார். 1776இல் விடுதலை சாற்றிய முன்னோரை வாயாரப் புகழ்கிறார். இதனை வஞ்சப்புகழ்ச்சி எனச் சிலர் கருதலாம். அஃது அன்று. அப்புகழ்ச்சி உண்மையானது, உண்மையானது என்பதால்தான் பின்னர் அதுவே அளவுகோலாக முடிகிறது. ஆனால் புகழுமிடமெல்லாம் ஒரு சொல் மெல்ல மெல்லக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. உங்கள் நாடு, உங்கள் தந்தையர், உங்கள் திருநாள் என்று பேசுகிறாரேயன்றி, நம் என்று ஓரிடத்தும் அம்முன்னோரை உரிமை கொண்டாடவில்லை. திடுமென நின்று, இத்திருநாளில் என்னை ஏன் அழைத்தீர் என்று கேட்கும்போதுதான், அச்சிறு சொல் இத்துணை நேரமும் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவைக்கு விளங்குகிறது. சிறைப்பட்டோரைப் பாடச் சொல்லிக் கேட்ட பகைவரின் பழைய விவிலியக் கதையை அவர் நினைவூட்டுகிறார். அழைத்தவர் நண்பர், நண்பரின் அழைப்பையே அவர் குற்றப்பத்திரிகையாக்குகிறார்.

அடுத்து அவர் செய்வது, நாம் அறிந்த வாதக் கலையில் அரிய ஒன்று. வாதிட மறுக்கிறார். அடிமையும் மனிதனே என்று நிறுவவேண்டுமோ எனக் கேட்கிறார். வர்ஜீனியாவில் கறுப்பனுக்கு மரணதண்டனை விதிக்கும் குற்றங்கள் 72 உள்ளன, வெள்ளையனுக்கோ அத்தண்டனை அவற்றுள் இரண்டிற்கே என்று எடுத்துக்காட்டுகிறார். தண்டிக்கும் சட்டமே அவனைப் பொறுப்புள்ள மனிதன் என ஒப்புகிறது. அவனுக்கு எழுத்தறிவித்தலைத் தடுக்கும் சட்டம் அவன் கற்கவல்லவன் என ஒப்புகிறது. கால்நடைகளுக்கு இத்தகைய சட்டம் எவரும் இயற்றுவதில்லை. இவ்வாறு, வாதிடேன் என்று சொல்லிக்கொண்டே வாதத்தை முடித்துவிடுகிறார். வெட்ஜ்வுட்டின் பதக்கம் 1787இல் மண்டியிட்டுக் கேட்ட வினா நினைவிருக்கும். அதே வினாவை டக்ளஸ் 1852இல் ஏற்க மறுக்கிறார். தன் மனிதத்தன்மை ஐயத்திற்குரியது என்பதை ஒப்பினாலன்றி அவ்வினாவைக் கேட்க இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மண்டியிட்ட உரு எழுந்து நின்ற இடம் இதுவே.

பின்னர் அவர் காட்டும் காட்சியும் நோக்கத்தக்கது. பால்டிமோர் நகரில் சிறுவனாக இருந்தபோது, நள்ளிரவில் சந்தைக்கு ஓட்டிச் செல்லப்படும் அடிமைகளின் சங்கிலி ஓசையையும் காலடி ஓசையையும் கேட்டு விழித்த நினைவை உரைக்கிறார். புரூக்ஸ் கப்பல் படத்தின் 482 பேருக்கு இல்லாத காது, நெஞ்சு, நினைவு மூன்றும் இங்கே உண்டு. தப்பிய அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்னும் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதற்கு வாய்மூடியிருந்த திருச்சபைகளையும் கடுமையாகச் சாடுகிறார். ஆயினும் நம்பிக்கையிழந்து முடிக்கவில்லை. நாட்டின் அரசியல் சாசனத்திலேயே விடுதலைக்கு வித்து இருப்பதாகக் கூறி முடிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவன் திருந்தக்கூடியவன் என்ற மதிப்பு வெகுளிக்குள்ளேயே இருக்கிறது. பழித்தலுக்கும் அறச்சினத்திற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

எஞ்சிய கணக்கு

அழுகையை வேண்டிய சொல்லால்தானே 1807இலும் 1833இலும் சட்டங்கள் வந்தன. டக்ளசின் வெகுளியால் வந்தது உள்நாட்டுப் போரன்றோ என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. பதக்கமும் படமும் இல்லையேல் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பங்கள் குவிந்திரா என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சொல் மட்டுமே அடிமைத்தளையை அறுத்தது என்பதும் உண்மையன்று. ஹெயிட்டியில் 1791 முதல் 1804 வரை அடிமைகளே போரிட்டு வென்றனர். 1831 இறுதியில் ஜமைக்காவில் எழுந்த கிளர்ச்சி, இனித் தாழ்த்த இயலாது என்பதை இலண்டனுக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை ஒழிந்ததும் நான்காண்டுப் போருக்குப் பின்னரே. சொல்லின் பங்கு எது என்றால், விடுதலை வந்தபின் அது எவ்வடிவில் வரவேண்டும் என்பதைச் சொல்லே வகுக்கிறது.

அங்குதான் விலை தெரிகிறது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு கோடி பவுன் இழப்பீடாக வழங்கப்பட்டது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு அது. பெற்றவர் அடிமைகள் அல்லர், உரிமையாளர்கள். அதற்கென வாங்கிய கடனின் எச்சத்தைப் பிரிட்டானிய அரசு 2015இல்தான் தீர்த்தது. விடுதலை பெற்றவர்களோ 1838 வரை பயிற்சியாளர் என்னும் பெயரில் பழைய தோட்டங்களிலேயே உழைக்க நேர்ந்தது. ஹேரிக் கேட்ட நீதியை அவை கேட்டிருந்தால் இக்கணக்கு இவ்வாறு எழுதப்பட்டிராது. மண்டியிட்டவனுக்குக் கொடை அளிக்கப்படும், ஈடு அளிக்கப்படுவதில்லை.

இக்கணக்கின் அடுத்த வரி நம் கரையில் எழுதப்பட்டது. ஒரு இலட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு பெற்ற தோட்ட உரிமையாளர் ஜான் கிளாட்ஸ்டன், தம் கயானாத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை அனுப்புமாறு 1836இல் கல்கத்தா வணிக நிறுவனம் ஒன்றுக்கு எழுதினார். 1838இல் இரு கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. அதற்கு முன்னரே, 1834 நவம்பரில், 36 பேர் மொரீசியசில் இறக்கப்பட்டிருந்தனர். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதற்கப்பல் சென்றது. அடிமை எதிர்ப்பாளர் சிலர் இதனை எதிர்க்கத் தவறவில்லை. புரூம் பிரபு 1838இலேயே பிரபுக்கள் அவையில் கண்டித்துப் பேசினார். 1839இல் இக்கூலி ஏற்றுமதி நிறுத்தவும் பட்டது; ஆனால் 1842இல் மீண்டும் திறந்தது. இதற்கென ஆள்சேர்ப்பது நின்றது 1917இல்தான். இம்முறை விலங்கு கண்ணுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தத் தாள் தெரிந்தது. விலங்கைக் காட்டி இரக்கம் எழுப்பப் பழகியிருந்த சொல், விலங்கில்லாத அடிமையைக் கண்டபோது பொதுமக்கள் நெஞ்சைப் பழைய வேகத்தில் அசைக்கவில்லை. பாரதியாரின் கரும்புத் தோட்டப் பாடலைப் பயிலும் நாம், அதற்குப் பின்னால் இருக்கும் இந்நெடிய வரலாற்றையும் உடன் வைத்துப் பயில வேண்டும்.

இவ்வியக்கத்தின் மெய்யான வழித்தோன்றல் ஒருவரை நாம் இந்திய மண்ணிலேயே காண்கிறோம். 1873இல் புனே நகரில் மகாத்மா ஜோதிராவ் புலே, குலாம்கிரி என்னும் மராட்டிய நூலை வெளியிட்டு, கறுப்பின மக்களின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கு அதனைக் காணிக்கையாக்கினார். அந்நூல் இருவர் உரையாடும் வடிவில் அமைந்தது. கேட்பவன் அங்கு வள்ளலாக அமர்வதில்லை. ஐயம் எழுப்பித் தெளியும் தோழனாக அமர்கிறான். தம் மக்களின் நிலையை அடிமைத்தனம் என்னும் பெயராலேயே புலே அழைத்தது, இரக்கத்தை எழுப்புவதற்கன்று. அதனைச் செய்தவரைச் சுட்டுவதற்கு.

நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் செங்கற்சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். அச்செய்திகளோடு வரும் படத்தில் வாடிய முகத்தோடு, பெரும்பாலும் தரையில் அமர்ந்தவாறு, அவர்கள் இருப்பார்கள். மேலிருந்து நோக்கும் இடத்தில் நாம் இருப்போம். நெஞ்சு நெகிழ்வோம். அந்நெகிழ்ச்சி பொய்யன்று, ஆனால் அது வெட்ஜ்வுட்டின் பதக்கத்தைக் கண்டோர் நெகிழ்ச்சியே. முன்பணம் கொடுத்துப் பிணித்தவன் அப்படத்தில் இல்லை. அச்செங்கல்லால் வீடு கட்டிக்கொண்டவரும் அப்படத்தில் இல்லை. அவர்களையும் படத்துக்குள் கொண்டுவரும் சொல் எதுவோ, அச்சொல்லையே தொல்காப்பியர் வகுத்த வெகுளிக்கு உரியதென நாம் கொள்வோம்.